கணினிக்கும் இலக்கணம் உண்டு



ஒரு மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் நாட்டுத் தொழிலாளர் சட்டம். அந்த நாளில் நம் கைக்கு ஒரு சீட்டு வருகிறது. எத்தனை நாள் வேலை, நாட்கூலி எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு, சேமநிதிக்குப் பிடித்தது எவ்வளவு என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். முன்பெல்லாம் கிராணியார் செக்ரோல் புத்தகத்தைப் புரட்டி, பென்சிலால் கூட்டிக் கழித்து இந்தக் கணக்கைப் போட்டார். கணக்கில் ஐயம் வந்தால் அலுவலகச் சன்னலருகே நின்று, "ஐயா, என் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்கலாம். அவரும் அந்த வரியைக் காட்டுவார். இன்று அந்தக் கணக்கைக் கணினி போடுகிறது. கணினியிடம் யார் போய்க் கேட்பது? அது எந்த வரியைக் காட்டும்?

காட்டுவதற்குக் கணினியிடமும் வரிகள் இருக்கின்றன. அந்த வரிகளைப் பிரித்துப் படித்துச் சொல்லும் கருவிகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கருவியைப் பற்றித்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம். பொருள் புதிதாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்ப் பள்ளியில் இலக்கணம் படித்த எந்தப் பிள்ளைக்கும் இதன் அடிப்படை முன்பே தெரியும்.

முதலில், கணினி தானாக எதையும் செய்வதில்லை. இதை இப்படிச் செய், பிறகு அதை அப்படிச் செய் என்று மனிதர்கள் எழுதி வைத்த கட்டளைகளின்படியே அது நடக்கிறது. அந்தக் கட்டளைத் தொகுப்புக்கு நிரல் என்று பெயர். மனிதர் எழுதிய வடிவிலேயே இருக்கும் நிரலை மூலநிரல் என்கிறோம். அதை எழுதுவதற்கென்றே உருவாக்கப்பட்ட மொழிகள் நிரல் மொழிகள். தொடக்கக் காலத்தில் வெறும் எண்களாலேயே கணினிக்குக் கட்டளை எழுதினார்கள். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார், இந்தச் சுமையில் ஒரு பகுதியைக் கணினியே சுமக்கும்படி ஒரு தொகுப்பு நிரலை ஆக்கினார். 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஃபோர்ட்ரான் என்ற மொழி வெளிவந்தது. நாம் கரும்பலகையில் எழுதும் கணக்கைப் போலவே அதில் எழுத முடிந்தது.

நாம் இன்று எடுத்துக்கொள்ளும் மொழியின் பெயர் பைத்தான். நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் கீடோ வான் ரோசம் என்பவர் உருவாக்கி, 1991இல் முதன்முதலாக வெளியிட்டார். பெயரைக் கேட்டதும் மலைப்பாம்பு என்று நினைக்க வேண்டாம். பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. இந்த மொழியை எவரும் காசு கொடுக்காமல் பெற்றுக்கொள்ளலாம். பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இது பரவியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பைத்தானின் மூன்றாம் பதிப்பில் ஒரு சிறப்பு உண்டு. கணக்கில் வரும் பொருள்களுக்கு நாம் வைக்கும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். ஆகவே கீழ்க்காணும் வரி, உவமைக்காக நாம் கட்டியது அன்று. அப்படியே கணினியில் தட்டெழுதினால் பைத்தான் ஏற்றுக்கொள்ளும் உண்மையான நிரல் வரி.

கூலி = நாள் * நாட்கூலி + ஊக்கம்

நடுவில் உள்ள உடுக்குறி பெருக்கலைக் குறிக்கிறது. வேலை செய்த நாளை நாட்கூலியால் பெருக்கி, ஊக்கத்தொகையைக் கூட்டி, வரும் தொகைக்குக் கூலி என்று பெயர் வை என்பது இதன் பொருள். நமக்குப் படித்தவுடன் புரிகிறது. கணினிக்கு எப்படிப் புரிகிறது?

இங்கேதான் இலக்கணம் வருகிறது. "செய்தான்" என்ற சொல்லைப் பள்ளியில் எப்படிப் பிரிக்கிறோம்? செய் + த் + ஆன். செய் என்பது பகுதி, த் என்பது இறந்தகாலம் காட்டும் இடைநிலை, ஆன் என்பது ஆண்பால் விகுதி. இதைப் பகுபத உறுப்பிலக்கணம் என்று நன்னூல் வழியாகப் படித்தோம். ஒரு சொல்லைப் பார்த்தவுடன், எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துக் காட்டுவதுதான் அந்தப் பயிற்சி. கணினி நிரலுக்கு இதே வேலையைச் செய்யும் கருவிக்குப் பகுப்பான் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பார்சர் என்பார்கள்.

பகுப்பான் இரண்டு படியாக வேலை செய்கிறது. முதற்படி, எழுத்துகளைச் சொற்களாகப் பிரிப்பது. மேலே உள்ள வரியில் கூலி, =, நாள், *, நாட்கூலி, +, ஊக்கம் என்று ஏழு துண்டுகள் கிடைக்கின்றன. பிரிக்கும் இடம் தவறினால் பொருளே மாறிவிடும். "பலகை" என்று சேர்த்துப் படித்தால் மரப்பலகை. "பல கை" என்று பிரித்துப் படித்தால் பல கைகள். அதனால்தான் நாட்கூலி என்பதை நாள் என்றும் கூலி என்றும் உடைக்கக்கூடாது, அது ஒரே பெயர் என்று பகுப்பான் முதலில் முடிவு செய்துகொள்கிறது.

இரண்டாம் படி, அந்தத் துண்டுகளுள் எது எதனோடு சேர்ந்தது என்று காண்பது. "நேற்று வந்த மேலாளரின் மகன்" என்று ஒருவர் சொல்கிறார். நேற்று வந்தது யார்? மேலாளரா, அவர் மகனா? இரண்டு விதமாகவும் கொள்ளலாம். பேச்சில் இதைச் சூழ்நிலையால் புரிந்துகொள்கிறோம். கணினிக்கு அப்படிப்பட்ட சூழ்நிலை அறிவு கிடையாது. ஆகவே நிரல் மொழிகளில் ஒவ்வொரு தொடருக்கும் ஒரே பொருள்தான் வர வேண்டும் என்று விதி வகுத்துவிடுகிறார்கள். பேக்கஸும், டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நாவர் என்பவரும் அல்கால் என்ற மொழிக்காக 1960ஆம் ஆண்டளவில் இத்தகைய விதிகளை எழுதும் முறை ஒன்றை நிலைநிறுத்தினார்கள். நிரல் மொழிகளுக்கு இலக்கண நூல் எழுதும் வழக்கத்துக்கு அது வழிகாட்டியாயிற்று.

நமது வரியில் இந்த விதி என்ன செய்கிறது? ஒருவர் 26 நாள் வேலை செய்தார், நாட்கூலி 65 வெள்ளி, ஊக்கம் 120 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலில் பெருக்கினால் 1,690. அதனோடு 120 கூட்டினால் 1,810 வெள்ளி. மாறாக, முதலில் கூட்டிவிட்டுப் பிறகு பெருக்கினால் 65உம் 120உம் சேர்ந்து 185, அதை 26ஆல் பெருக்க 4,810 வெள்ளி! அப்படிக் கிடைத்தால் நமக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அது கணக்கு ஆகாது. கூட்டலுக்கு முன் பெருக்கல் என்பது விதி. பகுப்பான் அதை அறிந்திருப்பதால் நாளையும் நாட்கூலியையும் முதலில் ஒன்றாகக் கட்டி, பிறகு அந்தக் கட்டோடு ஊக்கத்தைச் சேர்க்கிறது.

இப்படிக் கட்டிய அமைப்பை ஒரு மரமாக வரைந்து பார்க்கலாம். மரத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த மரம் தலைகீழாக நிற்கிறது. வேர் மேலே, இலை கீழே. வேரில் "பெயர் வை" என்ற கட்டளை. அதிலிருந்து இரண்டு கிளைகள். இடக்கிளையில் கூலி என்ற பெயர். வலக்கிளையில் கூட்டல். அந்தக் கூட்டலிலிருந்து மீண்டும் இரண்டு கிளைகள்: ஒன்றில் பெருக்கல், மற்றொன்றில் ஊக்கம். பெருக்கலின் கீழே நாள், நாட்கூலி என்ற இரண்டு இலைகள். எழுத்து வரிசையாக இருந்தது, இப்போது உறவு முறையாக ஆகிவிட்டது. எவர் எவருக்குப் பிள்ளை என்று குடும்பத்தில் சொல்வதுபோல, எது எதற்குக் கீழே இருக்கிறது என்று இந்த மரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இனி, நூலகம் என்ற சொல்லுக்கு வருவோம். நிரல் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. வேறொருவர் எழுதிச் சரிபார்த்து வைத்ததை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறார். அண்டை வீட்டில் ஆட்டுக்கல் இருந்தால் நாம் கல் கொத்த வேண்டாம் அல்லவா? அதுபோல எடுத்தாளத் தயாராக இருக்கும் நிரல் தொகுப்பை நிரல் நூலகம் என்கிறோம். பகுப்பானைச் சொந்தமாக எழுதுவது கடினமான வேலை. பைத்தான் மொழியோ, தன் மூலநிரலைப் பகுக்கும் நூலகத்தைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. அதன் பெயர் ஏ.எஸ்.டி. அப்ஸ்ட்ராக்ட் சின்டாக்ஸ் ட்ரீ என்பதன் சுருக்கம் அது. தமிழில் தொடரமைப்பு மரம் எனலாம். பைத்தானை நிறுவியவுடன் இதுவும் வந்துவிடுகிறது. தனியாகத் தேட வேண்டியதில்லை.

இதைப் பயன்படுத்துவது எப்படி? முதல் வரியில் "இம்போர்ட்" என்ற கட்டளையால் ஏ.எஸ்.டி. நூலகத்தை அழைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, படிக்க வேண்டிய நிரல் கோப்பைத் திறந்து, அதன் உரை முழுவதையும் "பார்ஸ்" என்ற கட்டளையிடம் கொடுக்க வேண்டும். அது மரத்தைத் திருப்பித் தரும். "டம்ப்" என்ற கட்டளை அந்த மரத்தை நாம் படிக்கும்படி எழுதிக் காட்டும். "வாக்" என்ற கட்டளை மரத்தின் ஒவ்வொரு கணுவையும் ஒன்றன்பின் ஒன்றாக நம் முன் நிறுத்தும். நிரையில் ஒரு மரமும் விடாமல் பார்த்துக்கொண்டு போவதுபோல, நிரலின் ஒரு கணுவும் விடாமல் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கணுவும் தான் எந்த வகை என்பதைச் சொல்லும். பல கணுக்கள் மூலக் கோப்பில் எத்தனையாவது வரியில் இருக்கின்றன என்பதையும் சொல்லும்.

முக்கியமான ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பகுப்பது என்பது படிப்பது மட்டுமே, செய்வது அன்று. ஒரு கடிதத்தைப் படிப்பது வேறு, அதில் சொன்னபடி நடப்பது வேறு. சம்பள நிரலை இந்த நூலகத்திடம் கொடுத்தால் அது யாருக்கும் சம்பளம் போட்டுவிடாது, யார் கணக்கையும் மாற்றிவிடாது.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். உண்மையான ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 60 வயதுக்கு உட்பட்ட தொழிலாளரின் சம்பளத்தில் சேமநிதிக்குப் பிடிக்கும் பங்கு 100க்கு 11 ஆக இருந்தது. 2016 மார்ச்சில் அது 8 ஆனது. 2018 சனவரியில் மீண்டும் 11. கோவிட் நோய் பரவிய 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் 7 ஆனது. 2021 சனவரியில் 9. 2022 சூலையில் திரும்பவும் 11. ஏறத்தாழ ஆறரை ஆண்டில் ஐந்து மாற்றங்கள்! குறைந்த விகிதம் நடப்பில் இருந்தபோது, விரும்பியவர்கள் 11ஐயே தொடரவும் வழி இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நாட்டிலுள்ள சம்பள நிரல்கள் எல்லாம் திருத்தப்பட வேண்டியிருந்தன.

1,500 வெள்ளி சம்பளத்துக்கு 100க்கு 11 என்றால் 165 வெள்ளி. 7 என்றால் 105 வெள்ளி. இடையில் 60 வெள்ளி. நடைமுறையில் சேமநிதித் தொகையை அட்டவணையைப் பார்த்தே பிடிக்கிறார்கள் என்றாலும், விளக்கத்துக்காக எளிய விழுக்காட்டுக் கணக்காகவே கொள்வோம். இந்த 60 வெள்ளி மாதாமாதம் கையில் வருகிறதா, முதுமைக் காலத்துக்குப் போகிறதா என்பது ஒரு குடும்பத்துக்குச் சிறிய காரியம் அன்று.

இப்போது ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 2020 ஏப்ரல் மாதம். சம்பள நிரலில் 11 என்று வரும் இடத்தையெல்லாம் 7 ஆக்கிவிடு என்று அவசரத்தில் ஒருவர் கணினிக்குச் சொல்லிவிடுகிறார். எழுத்துத் தேடி எழுத்தை மாற்றும் வசதி எல்லாக் கணினியிலும் உண்டு. ஒரு நொடியில் வேலை முடிந்தது. ஆனால் என்ன ஆயிற்று?

சேமநிதி = சம்பளம் * 11 / 100 என்ற வரி சரியாகவே மாறியது. ஆனால் அதே நிரலில் பொது_விடுமுறை = 11 என்றும் ஒரு வரி இருந்தது. தீபகற்ப மலேசியத் தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்குச் சம்பளத்துடன் கூடிய பொது விடுமுறை 11 நாள். அது 7 ஆகிவிட்டது. நான்கு நாள் போயிற்று! மாதம் 11 என்றால் நவம்பர். அது 7 ஆகி சூலை ஆனது. ஊக்கம் = 110 என்ற வரியில் முதல் இரண்டு இலக்கங்களும் 11 தான். அது ஊக்கம் = 70 ஆகி, 40 வெள்ளி மறைந்தது. தொழிலாளர் எண் 1125 என்பவர் 725 ஆகிவிட்டார். சீட்டு வந்த பிறகுதான் பிரட்டுக் களத்தில் பேச்சு எழும். அப்போதும் பிழை எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிப்பது எளிதன்று.

எழுத்தைத் தேடுபவர் கண்ணுக்கு எல்லா 11உம் ஒன்றே. பகுப்பான் கண்ணுக்கு அவை வேறுவேறு. சேமநிதி வரியின் மரத்தில் 11 என்ற எண், பெருக்கல் என்ற கணுவின் கீழே, சம்பளம் என்ற பெயரின் அருகே இருக்கிறது. விடுமுறை வரியில் அது "பெயர் வை" என்ற கணுவின் நேர்கீழே இருக்கிறது. 110 என்பது முற்றிலும் வேறோர் எண்ணாகவே நிற்கிறது. ஆகவே நாம் எழுதும் சிறு நிரல் இவ்வாறு கேட்கலாம்: மரத்தின் கணுக்களை ஒவ்வொன்றாகப் பார், அது பெருக்கலா? ஆம் எனில், அதன் ஒருபுறம் சம்பளம் என்ற பெயரும் மறுபுறம் 11 என்ற எண்ணும் உள்ளனவா? ஆம் எனில், அந்த வரியின் எண்ணைச் சொல். பத்துப் பன்னிரண்டு வரிகளுக்குள் இதை எழுதிவிடலாம். ஆயிரம் பக்க நிரலாக இருந்தாலும், பார்க்க வேண்டிய இடங்களை மட்டும் அது பட்டியல் போட்டுத் தரும்.

ஆனால் நேயர்களே, கருவி எவ்வளவு நல்லதானாலும் நாம் கேட்டதற்குத்தான் அது விடை சொல்லும். வேறொருவர் அதே கணக்கை 11 / 100 * சம்பளம் என்று எழுதியிருக்கலாம். விடை ஒன்றுதான், மரம் வேறு. இங்கே 11 என்பது வகுத்தலின் கீழே ஒளிந்திருக்கிறது. இன்னொருவர் சம்பளம் * 0.11 என்று எழுதியிருப்பார். அங்கே 11 என்ற எண்ணே கிடையாது. ஆகவே எந்தெந்த வடிவில் அந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி எழுத வேண்டும். அதைவிட நல்ல வழி, தொடக்கத்திலேயே சேமநிதி_விகிதம் = 11 என்று ஒரே இடத்தில் எழுதி, மற்ற இடங்களில் அந்தப் பெயரையே பயன்படுத்துவது. வீட்டுச் சாவியை ஓர் ஆணியில் மாட்டும் குடும்பம் சாவியைத் தேடி அலைவதில்லை.

இடம் தெரிந்துவிட்டது. இனித் திருத்த வேண்டும். மரத்திலேயே எண்ணை மாற்றி, மரத்தை மீண்டும் எழுத்தாக்கலாம். 2020இல் வந்த பைத்தான் 3.9ஆம் பதிப்பிலிருந்து "அன்பார்ஸ்" என்ற கட்டளை இதைச் செய்கிறது. ஆனால் இதில் ஓர் இழப்பு உண்டு. நிரல் எழுதுபவர்கள் வரிகளின் ஓரத்தில் குறிப்பு எழுதி வைப்பார்கள். "இந்த விகிதம் இன்ன ஆண்டுச் சுற்றறிக்கையின்படி" என்பது போன்ற குறிப்புகள் கணக்குக்குத் தேவையில்லாதவை. ஆகவே மரம் அவற்றை வைத்துக்கொள்வதில்லை. மரத்திலிருந்து திரும்ப எழுதும்போது குறிப்புகள் எல்லாம் போய்விடும். அடுத்து வருபவருக்கு அந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். எனவே தேர்ந்தவர்கள் மரத்தைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்தி, கணு சொல்லும் இடத்தை வைத்துக்கொண்டு மூல எழுத்தில் அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றுவார்கள். குறிப்பையும் இடைவெளியையும் சேர்த்தே காக்கும் வேறு நூலகங்களும் இருக்கின்றன. பைத்தானுக்கு லிப்.சி.எஸ்.டி. என்பது ஒன்று. பல மொழிகளுக்கும் பயன்படும் ட்ரீ-சிட்டர் என்பது மற்றொன்று. அது நிரலில் பிழை இருந்தாலும் படிக்க முடிந்த அளவு படித்து மரம் கட்டித் தரும்.

தமிழில் பெயர் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏ.எஸ்.டி. ஒரு கணு வரியில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்லும்போது எழுத்தை எண்ணுவதில்லை, பைட் என்ற அளவை எண்ணுகிறது. கூலி என்பது நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு அது க, உயிர்மெய்க் குறி, ல, உயிர்மெய்க் குறி என்று நான்கு குறியீடு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக, 12 பைட். நமது முதல் வரியில் நாள் என்ற பெயர் 15ஆம் இடத்தில் தொடங்குவதாக நூலகம் சொல்லும். குறியீட்டை எண்ணுபவரோ 7 என்று நினைப்பார். இதை அறியாமல் வெட்டி ஒட்டினால் தவறான இடத்தில் கத்தி விழும். வரியை முதலில் பைட்டாக மாற்றிக்கொண்டு, பிறகு வெட்ட வேண்டும். ஒரே கோப்பில் பல திருத்தம் இருந்தால் கடைசியிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால், முதல் திருத்தம் பின்னால் உள்ள இடங்களை நகர்த்திவிடக்கூடும்.

திருத்தி முடித்த பிறகு சரிபார்ப்பதற்கும் அதே நூலகம் உதவும். பழைய நிரலுக்கு ஒரு மரம், புதிய நிரலுக்கு ஒரு மரம். இரண்டையும் எழுதிக்காட்டச் செய்து ஒப்பிட்டால், நாம் எண்ணிய இடத்தில் மட்டுமே வேறுபாடு இருக்க வேண்டும். விடுமுறை வரியிலும் வேறுபாடு தெரிந்தால், சீட்டு அச்சாகும் முன்பே தவறு அகப்பட்டுவிடும்.

பகுப்பானுக்கு எட்டாத காரியமும் உண்டு. அதற்கு ஒரு பெரிய வரலாற்றுச் சான்றே இருக்கிறது. 2008 டிசம்பரில் பைத்தானின் மூன்றாம் பதிப்பு வந்தபோது மொழியின் சில விதிகளையே மாற்றினார்கள். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு நின்றது. இடைப்பட்ட 11 ஆண்டுகளில் உலகெங்கும் பழைய நிரல்களைப் புதிய இலக்கணத்துக்கு மாற்றினார்கள். அதற்கு உதவ "டூ-டு-த்ரீ" என்ற கருவியைப் பைத்தானுடனேயே தந்தார்கள். அது பழைய நிரலைப் பகுத்து மரமாக்கி, மாற்ற வேண்டிய இடங்களை மாற்றி, குறிப்புகள் கெடாமல் திரும்ப எழுதியது. அதன் வேலை பெரும்பாலும் முடிந்தபின் 2024இல் வந்த 3.13ஆம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள்.

அந்தக் கருவியால் செய்ய முடியாத ஒன்று வகுத்தல். பழைய பைத்தானில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியை உதறிவிட்டு முழு எண்ணாகவே விடை வரும். 65 வெள்ளி நாட்கூலிக்கு அரை நாள் கூலி என்ன? 65 / 2 என்று எழுதினால் பழைய பைத்தான் 32 என்றது. புதிய பைத்தான் 32.5 என்கிறது. இடையில் 50 காசு. இன்னும் மோசம், 11 / 100 * சம்பளம் என்று எழுதினால் பழைய பைத்தான் முதலில் 11ஐ 100ஆல் வகுத்து 0 என்று கொண்டு, சம்பளம் எவ்வளவு ஆனாலும் விடை 0 என்றே சொல்லும்! இந்த வகுத்தலில் எண்கள் முழு எண்ணாக வருமா, காசோடு வருமா என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். மரத்தைப் பார்த்தால் "இங்கே வகுத்தல் இருக்கிறது" என்று மட்டுமே தெரியும். ஆகவே அந்தக் கருவி வகுத்தலைத் தொடவில்லை. அந்த இடங்களை மனிதர்களே ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இலக்கணம் சரியாக இருப்பதாலேயே ஒரு வாக்கியம் உண்மை ஆகிவிடாது. "சூரியன் மேற்கே உதிக்கிறது" என்பது இலக்கணப் பிழையில்லாத வாக்கியம்தான். அதுபோல, பகுப்பான் ஏற்றுக்கொண்ட நிரல் எல்லாம் சரியான கணக்கு என்று நம்பிவிடக் கூடாது. கணக்கு நியாயமா, சட்டப்படி உள்ளதா என்பதை மனிதர்தாம் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடத்தை விரைவாகக் காட்டுவது மட்டும் கருவியின் வேலை.

இடைநிலைப்பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பேச்சை அவர்களிடம் காட்டுங்கள். முதலில் கூலி வரியைத் தட்டெழுதட்டும். பிறகு அதை ஏ.எஸ்.டி. நூலகத்திடம் கொடுத்து மரத்தை வரவழைத்து, தாளில் படமாக வரையட்டும். அடைப்புக்குறி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை கொடுத்துப் பார்க்கட்டும். (நாள் * நாட்கூலி) + ஊக்கம் என்று எழுதினாலும் அடைப்புக்குறி இல்லாத வரிக்கு வந்த அதே மரம்தான் வரும். நாள் * (நாட்கூலி + ஊக்கம்) என்று எழுதினால் மரம் மாறிவிடும். ஏன் என்று பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும். உங்களுக்குச் சொல்லத் தெரிந்துவிட்டால் பிள்ளை பாடத்தைப் புரிந்துகொண்டது என்று பொருள்.

பெற்றோர்களாகிய நமக்கும் ஒரு வேலை உண்டு. சம்பளச் சீட்டை வாங்கியவுடன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடாமல், நாளையும் கூலியையும் பெருக்கி, ஊக்கத்தைக் கூட்டி, சேமநிதியைக் கழித்துப் பார்க்க வேண்டும். தொகை ஒத்துவராவிட்டால் கேட்க வேண்டும். "கணினி சொன்னது" என்ற விடையோடு திரும்பிவர வேண்டியதில்லை. கணினி சொன்னதற்கும் பின்னால் ஒருவர் எழுதிய வரி இருக்கிறது. அந்த வரியை எடுத்துக் காட்ட முடியும், பிரித்துப் பார்க்க முடியும், பிழை இருந்தால் திருத்தவும் முடியும். அன்று கிராணியார் செக்ரோலைத் திறந்து காட்டியதைப் போலவே இதுவும் கேட்கத் தகுந்த கேள்விதான்.